அணைக்காமல் பூஜையில் வைத்தது

ஜானுவின் இடது கை வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தது. ஓட்டை நெரித்து, பருப்பைக் கிண்ணத்தில் போட்டு, ஓட்டை முறத்தில் தள்ளுவதைப் பார்க்காமலே செய்தது அந்தக் கை. கண்ணும் வலது கட்டைவிரலும் வேறு வேலையில் இருந்தன. மடியில் தலையணை, அதன்மேல் செங்கல்லில் பாதி அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதில் கூட்டல் குறி மாதிரி இருந்த பொத்தானைக் கட்டைவிரல் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், மேனேஜர் தூங்கிண்டிருக்கார். எழுப்பினா அடிப்பார். எழுப்பலேன்னா பாலத்தைத் தாண்ட முடியாது. என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள்.

முப்பத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குப் புத்தி தடுமாறும் என்று தெரியும். இன்று என்ன கிழமை என்று கேட்டேன். செவ்வாய் என்றாள். இது எந்த இடம் என்று கேட்டேன். மயிலாப்பூர், சித்திரக்குளத்துக்குப் பின்தெரு, உங்களுக்கு இன்னும் காபி வரவில்லை என்றாள். எல்லாம் சரியாக இருந்தது. பெட்டியை வாங்கிப் பார்த்தேன். பச்சை கலந்த சின்னத் திரையில், ஒரு பாலத்தை அடைத்துக்கொண்டு குண்டாக ஒரு பூதம் படுத்திருந்தது. அதற்குத்தான் மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள்.

இது தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஆகஸ்டில். ஜானுவுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் டெஸ்பாட்ச் பிரிவில் முப்பத்தொரு வருடம் தபால்களுக்கு எண் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தவள். விருப்ப ஓய்வு வாங்கிய மூன்றாம் மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டு முறிந்தது. டாக்டர்கள் உலோகக் குமிழ் வைத்துச் சரிசெய்து, நட என்று அனுப்பினார்கள். அண்ணன் வேதாந்தத்தின் வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ள என்னை அமர்த்தினார்கள்.

மூட்டு நன்றாகக் கூடிவிட்டது. நடக்காததற்குக் காரணம் பயம். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினோரு அடி, திரும்ப வரப் பதினோரு அடி. அதற்குமேல் ஓர் அடி வைக்கமாட்டாள். வாக்கரைப் பிடிக்கவைத்து நான் அதட்டி நடத்தினால், காலையிலேயே கோர்ட்டுக்கு இழுத்துப்போவது போல வருவாள். நாலு மாதம் இப்படிப் படுத்தால் நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் வரும். நான் பயமுறுத்தியும் பார்த்தேன். தபால் ஆபீஸ்காரியைப் பயமுறுத்த முடியாது என்றாள். அவள் தபால் ஆபீஸ்காரியும் இல்லை.

அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து அண்ணன் மகன் நிரஞ்சன் பதினைந்து நாள் லீவில் வந்தான். விமானத்தில் பொழுது போக அவன் கொண்டுவந்த வீடியோ கேம் அது. அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதைப் பார்த்து, ஒரு மத்தியானம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டு, அதை இங்கேயே விட்டுப் போய்விட்டான்.

இந்த மாதிரி கேம் ஆடத் தகுந்ததா என்று இப்போதும் சிலர் என்னைக் கேட்கிறார்கள், குறிப்பாக வீட்டில் படுக்கையில் ஆள் இருப்பவர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அதில் ஒரு நாடு இருக்கிறது. காடு, குளம், குகை, ஊர். புல்லுக்குள் நடந்தால் பூதங்கள் வரும். அவற்றை அடக்கிப் பிடித்து, சண்டை போட வைத்து, நிலை நிலையாக வளர்க்க வேண்டும். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு வகை. அவசரம் இல்லை. ஊசி போட நான் உள்ளே வந்தால் பெட்டியைக் கீழே வைத்துவிடலாம். பூதம் அடிக்க ஓங்கிய கையோடு அப்படியே காத்திருக்கும். தோற்றாலும் எதுவும் சாவதில்லை, மயங்கி விழும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஆஸ்பத்திரி, போனவுடன் பார்க்கிறார்கள், சீட்டு எழுதுவதில்லை, சொந்தக்காரர்கள் வாசலில் சண்டை போடுவதில்லை. நான் வேலை பார்த்த இடங்களில் இப்படி ஒன்று இருந்திருந்தால் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பேன்.

ஆனால் எனக்கு அதன்மேல் மரியாதை வந்ததற்குக் காரணம் வேறு. அந்தப் பெட்டித் திரைக்கு உள்ளே விளக்கு கிடையாது. வெளிச்சம் விழுந்தால்தான் படம் தெரியும். ஜானுவின் அறையோ இருட்டு. காலை ஆறரைக்கே வெளிச்சம் கூடத்து ஜன்னலுக்கு வரும். பதினொன்றுக்கு முன்வாசல். மூன்றுக்குப் பின்கட்டு. இரண்டாம் நாள் நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கட்டில் காலி. ஜானு தானே வாக்கரைத் தள்ளிக்கொண்டு கூடத்து ஜன்னலில் போய் நிற்கிறாள். இருபத்திரண்டு அடி. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பயம் ஞாபகம் வந்துவிடும். பேட்டரி டப்பாவை மட்டும் எடுத்துப் பின்கட்டு அலமாரியில் வைத்தேன். அதற்கு இன்னும் பதினாறு அடி.

செப்டம்பர் முழுவதும் அவள் வெயிலைத் துரத்திக்கொண்டு வீட்டுக்குள் சுற்றினாள். பிடித்த பூதத்துக்கெல்லாம் ஆபீஸ் பெயர் வைத்தாள். நெருப்பு உமிழ்வது கேண்டீன். எதிரியைக் கண்டால் ஓட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் ஆமை டெஸ்பாட்ச். நோட்டுப் புத்தகம் ஒன்றில் கோடு போட்டு, பிடித்த தேதி, இடம், அன்றைய வானிலை வரை எழுதினாள். மன்னி விஜயலக்ஷ்மி, அதாவது வேதாந்தத்தின் மனைவி, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து இன்று என்ன மாட்டியது என்று கேட்பாள். வேதாந்தம் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர். அவருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. மயிலாப்பூரில் பூச்சி பிடித்து வளர்க்கிற ஒரே குடும்பம் நம்முடையதுதான் என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்லுவார்.

நடுநடுவே ஜானுவுக்கு ஒரு சந்தேகம். நேற்று கேண்டீனை இருபத்தோராம் நிலையில் விட்டேன், இன்று இருபத்துமூன்றில் இருக்கிறது, யார் தொட்டது என்பாள். என்னைத்தான் பார்ப்பாள். எனக்கு அந்தப் பெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது என்பதை அவள் நம்பவில்லை.

நவராத்திரிக்கு ரவிக்கை அளவு எடுக்க ஜமீலுன்னிசா வந்தாள், வீட்டில் எல்லோருக்கும் ஜமீலா. இரண்டு தெரு தள்ளி மசூதிச் சந்தில் இருப்பவள். இருபது வருடமாக இந்த வீட்டுக்குத் தைப்பவள். ஐம்பது வயது, புருஷன் இல்லை. ஒரே மகன் யாசிர் துபாயில். அளவு நாடாவை ஜானுவின் தோளில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா ஜானும்மா, உன்னுது பச்சைக் கேசட்டா?"

அவளிடமும் அதே கேம் இருந்தது. கரன்ட் போனால் தையல் மெஷின் மோட்டார் நின்றுவிடும், அம்மா சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று யாசிர் அனுப்பினானாம். பதினோரு மாதமாக ஆடிக்கொண்டிருந்தாள், யாரிடமும் சொல்லாமல். பெட்டியின் முதுகில் செருகுகிற கேசட்டில்தான் கேம் இருக்கும், அவளுடையது ஆரஞ்சுக் கேசட். கேம் ஒன்றுதான், ஆனால் பச்சையில் இருக்கும் சில பூதங்கள் ஆரஞ்சில் இல்லை, ஆரஞ்சில் இருப்பவை பச்சையில் இல்லை. இரண்டு பெட்டிகளையும் ஒரு ஒயரால் இணைத்து மாற்றிக்கொள்ளலாம். தனியாக யாரும் நூற்றுப் பன்னிரண்டையும் சேர்க்கவே முடியாதபடி செய்திருக்கிறார்கள். செய்தவன் கெட்டிக்காரன். மயிலாப்பூரில் ஒயரும் ஆளும் கிடைக்காமல் பதினோரு மாதம் தவித்த ஜமீலாவுக்கு அன்று ரவிக்கை அளவு எடுக்கக் கை ஓடவில்லை. பிறகு வந்த ரவிக்கை மிகவும் லூஸாக இருந்தது. அதோடு ஒரு சின்னத் துணிப்பை தைத்துக்கொண்டு வந்தாள், ஜானு பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள. பை கச்சிதமாக இருந்தது.

ஒயர் கேட்டு யாசிருக்கு எழுதினார்கள். அது வந்து சேர்ந்தபோது சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் பாக்கி. அதோடு இன்னொரு செய்தியும் வந்தது. யாசிர் அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் போகிறான். டிக்கெட் விஜயதசமியன்று பகல் ஃப்ளைட்டுக்கு.

ஜமீலாவுக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. அவளிடம் ஊசி மூக்கோடு ஒரு குட்டிப் பூதம் இருந்தது. பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற ஊசி மாதிரி இருப்பதால் அதற்குக் காஜா என்று பெயர். அவள் முதன்முதலில் பிடித்ததும் அதுதான். மற்ற பூதங்கள் சண்டை போட்டால் வளரும். இந்த ஜாதி மட்டும் எவ்வளவு ஜெயித்தாலும் குட்டியாகவே இருக்கும். இன்னொருவர் பெட்டிக்குக் கைமாறினால்தான் பெரிதாகும். எனவே காஜாவை ஜானுவிடம் கொடுப்பது, அது வளர்ந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வது, அதைத் துபாய்க்குக் கொண்டுபோய் யாசிரிடம் காட்டுவது. இதுதான் திட்டம்.

சரஸ்வதி பூஜையன்று காலை ஆறே முக்காலுக்கே ஜமீலா வந்துவிட்டாள். கூடத்து ஜன்னலில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒயர் மாட்டினார்கள். ஜானு டெஸ்பாட்சை அனுப்பினாள், ஜமீலா காஜாவை அனுப்பினாள். ஜமீலா தன் பெட்டியில் பதிவு செய்துகொண்டாள். இந்த விளையாட்டில் அவ்வப்போது பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் அணைத்தால் அதுவரை ஆடியது போய்விடும். ஜானுவின் திரையில் காஜா மினுக்கி மினுக்கி உருவம் மாற ஆரம்பித்தது. இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

அந்த நேரம் மன்னி பூஜை அறையிலிருந்து கூப்பிட்டாள். திங்கட்கிழமை, ஏழரைக்கு ராகுகாலம், அதற்குள் எல்லாம் அடுக்கியாக வேண்டும். புத்தகம், பேனா, வேதாந்தத்தின் பஞ்சாங்கம், என் பிரஷர் பார்க்கும் கருவி எல்லாம் போயாயிற்று. ஜானு தினமும் கையில் வைத்திருப்பது இந்தப் பெட்டிதான், எனவே இதுவும் போக வேண்டும் என்றாள் மன்னி. இன்னும் ஐந்தே நிமிஷம் என்றாள் ஜானு. மணி ஏழு இருபத்தைந்து. ஜமீலாதான் எழுந்தாள். சாமி காரியத்தைக் காக்க வைக்கக் கூடாது, நாளைக்கு ஏர்போர்ட் போகிற வழியில் வந்து காஜாவை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி ஒயரைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பெட்டியை நான் வாங்கினேன். அதிலிருந்து இசை வந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. ஜானு அதைத் திருப்பி நான் பலமுறை பார்த்திருக்கிறேன். திருப்பினேன், இசை நின்றது. கொண்டுபோய் அடுக்கின் உச்சியில் வைத்தேன். மன்னி அதற்குச் சந்தனம் இட்டு, மூன்று இடத்தில் குங்குமம் வைத்து, ஒரு சாமந்தியும் சொருகினாள்.

அன்று முழுவதும் அந்த வீட்டில் யாரும் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாது. மறுநாள் காலை, சூரியன் வந்த பிறகு, மறுபூஜை செய்து, அடுக்கை வடக்கே சற்று நகர்த்தி, அவரவர் பொருளை அவரவர் கையால் எடுத்து, கொஞ்சமாவது பயன்படுத்த வேண்டும். அதுவரை அது சரஸ்வதியுடையது.

சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றப் போன மன்னி உள்ளேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஜானு, நான் மூணு குங்குமம்தான் வெச்சேன். நாலு இருக்கே."

கூடத்து நாற்காலியில் இருந்த ஜானுவின் முகம் மாறியது. என்னைப் பார்த்து, பெட்டியை எப்படி அணைத்தீர்கள் என்று கேட்டாள். விரலால் சக்கரம் சுற்றிக் காட்டினேன்.

"அது சத்தம் குறைக்கறது, சிஸ்டர்."

நாலாவது குங்குமம் பேட்டரி விளக்கு. காலை ஏழரையிலிருந்து பெட்டி எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் தானே அணையும். காலை அவசரத்தில் ஜானு பதிவு செய்யவில்லை, அது இப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது; நான் நிஜமாகவே அணைத்திருந்தால் அப்போதே எல்லாம் போயிருக்கும். ஜமீலா செய்துவிட்டாள். அதாவது ஜமீலாவின் பெட்டியில் காஜா இல்லை. இந்தப் பெட்டி அணைந்தால் இங்கேயும் இருக்காது. பதினோரு மாதக் காஜா எங்கேயும் இல்லாமல் போய்விடும்.

கேட்காமல் கை வைத்த தப்பு என்னுடையது. மன்னிப்பு கேட்பதில் நேரம் போக்கவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டேன். வேதாந்தம் வாசலில் வந்து நின்று, செய்யலாம் என்பது எதுவும் இல்லை, நாளைக் காலை வரை அது நம்முடையது அல்ல என்றார். சிஸ்டர் வேண்டுமானால் தொடலாமோ என்று மன்னி மெதுவாக இழுத்தாள். ஜானுவே தலையை ஆட்டினாள். அறுபது நாள் நான் கெஞ்சியும் என் பேச்சைக் கேட்காதவள், இந்தச் சட்டத்தை மட்டும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வேலை செய்கிற வீட்டின் சட்டம் எனக்கும் சட்டம்தான். நான் போய் என் கையைக் கழுவிக்கொண்டேன், வேறு ஒன்றும் தோன்றவில்லை.

ஜானு ஜமீலாவுக்குப் போன் செய்தாள். மறைக்கவில்லை, நடந்தது நடந்தபடி சொன்னாள். அந்தப் பக்கம் மூட்டை கட்டுகிற சத்தம் எங்கள் வரை கேட்டது. பிறகு ஜமீலாவின் குரல்.

"சாமிகிட்டதானே கீது? யாரும் கை வெக்காதீங்க. காலைல பாத்துக்கலாம். போச்சுன்னா உன்கிட்ட சண்டை போட்டுட்டுத்தான் ஃப்ளைட் ஏறுவேன், ஜானும்மா."

இதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட வேண்டும். பேராசிரியர் இருக்கிறார், ஆனால் எழுதக் கூடாது. விரலை மடக்கி மடக்கிப் போட்டார். பேட்டரி மாற்றியது சனிக்கிழமை சாயங்காலம். பிறகு ஜானு ஆடியது ஐந்து மணி நேரம். இன்று காலையிலிருந்து பத்தரை. சென்ற தடவை இருபத்தெட்டு மணி நேரம் வந்தது என்று ஜானுவுக்கு ஞாபகம், ஆனால் அந்த நோட்டும் பூஜையில் இருக்கிறது. ஐந்தும் பத்தரையும் போனால் மீதி பன்னிரண்டரை. நாளை சூரிய உதயம் எத்தனை மணிக்கு? பஞ்சாங்கமும் பூஜையில். சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர் இருக்கிறது, ஆனால் படிக்கக் கூடாது. மருந்துச் சீட்டு படிக்கிறவள் என்று எனக்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தார்கள். நான் படித்துச் சொன்னேன். உதயம் ஆறு மணிக்கு. பன்னிரண்டு மணி நேரம் வேண்டும், அரை மணி நேரம் மிச்சம், அதுவும் ஜானுவின் ஞாபகம் சரியாக இருந்தால்.

மன்னி சுண்டலை எடுத்து வைக்கிற சாக்கில் நாலு தடவை உள்ளே போய்ப் பார்த்து, எரிகிறது, எரிகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஜானுவால் பார்க்க முடியவில்லை. பூஜை அறைக்கு முக்கால் அடி உயரத்தில் பழைய நிலைப்படி. வாக்கர் அதைத் தாண்டாது. விழுந்த நாளிலிருந்து அவள் அந்த அறைக்குள் போனதில்லை. ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொன்னேன், மாத்திரை இல்லாதவர்களுக்குப் பால்.

காலை ஐந்தரைக்கெல்லாம் மூன்று பேரும் குளித்துத் தலை ஈரத்தோடு நின்றார்கள். முந்தின வருடம் மறுபூஜை முக்கால் மணி நேரம் நடந்ததாம். இந்த வருடம் வேதாந்தம் ஆறு மணிக்கு ஆரம்பித்தார். சுலோகங்கள் ரயில் வேகத்தில் போயின. எதையும் விடவில்லை, மூச்சுத்தான் விடவில்லை. மன்னி பால் பாத்திரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், நைவேத்தியம் என்ற வார்த்தை முடியுமுன் வைத்துவிட்டாள். குங்குமம் போல இருந்த விளக்கு இப்போது பழுப்பாகத் தெரிந்தது. நான் வாசலிலிருந்து பார்த்தேன்.

அடுக்கை வடக்கே நகர்த்த வேண்டும். வேதாந்தம் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து, தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போல, ஒரு விரல்கடை நகர்த்தினார். சாமந்தி விழுந்தது. விளக்கு இருந்தது.

"எடுத்துக்கோ, ஜானு," என்றார்.

ஜானு நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வாக்கரோடு நின்றிருந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் கவனிக்கவே இல்லை. வாக்கரை விட்டாள், கதவு நிலையைப் பிடித்தாள், நல்ல காலை முதலில் தூக்கி வைத்தாள். நான் ஜூனில் சொல்லிக்கொடுத்த வரிசை அதுதான். கேட்டுக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த காலையும் தூக்கி உள்ளே வைத்தாள். மூன்று அடி நடந்து, மேடையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு பெட்டியை எடுத்தாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். அந்தக் கைகளுக்கு வேலை வரவில்லை.

திரை வெளுத்துவிட்டிருந்தது. எழுத்து பாலில் விழுந்த கோலம் போல இருந்தது. ஜானு திரையை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பொத்தானை அழுத்தினாள், ஒரு பட்டியல் வந்தது, எந்த வரி எதுவென்று தெரியவில்லை.

"மூணாவது வரி. நாலாவது இல்லை, மூணாவது," என்றார் வேதாந்தம்.

ஜானு மூன்றாவது வரியை அழுத்தினாள். பெட்டி கொஞ்ச நேரம் யோசித்தது. பதிவாகிவிட்டது என்று வந்தது. பிறகுதான் எங்கள் மூன்று பேருக்கும் உறைத்தது. மூவரும் பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தோம்.

"கேண்டீனை இருபத்திமூணுக்கு ஏத்தினது நீதானா, அண்ணா?"

"மத்தியானம் தூக்கம் வரமாட்டேங்கறது," என்று சொல்லிவிட்டு அவர் பஞ்சாங்கத்தை எடுத்து மிகவும் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். மன்னி சிரித்த சிரிப்பில் பால் பாத்திரம் கொட்டியது.

நான் பெட்டியை வாங்கி, ஜானு எதிரிலேயே, அவள் காட்டிய ஸ்விட்சை அணைத்து, நாலு புது பேட்டரி போட்டேன்.

எட்டு மணிக்கு ஜமீலா வர வேண்டும். எட்டேகாலுக்குப் போன்தான் வந்தது. தெரு முனையில் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வேன் உள்ளே வராது, முனைக் கடையிலிருந்து பேசுகிறேன், சாமான்களை விட்டு வர முடியவில்லை, பெட்டியை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள் என்றாள். நான் கொண்டுபோகிறேன் என்று செருப்பு மாட்டினேன். காஜாவை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன் என்றாள் ஜானு.

துணிப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இரண்டு கையும் வாக்கருக்குக் கிடைத்தது. வாசல் இரண்டு படியையும் கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள். நான் வழியில் உட்கார ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அடியை எண்ணினேன், அது என் பழக்கம். ஐம்பதில் உட்காருகிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். நூறில் கேட்டேன். பேசாமல் வாருங்கள் சிஸ்டர், ஃப்ளைட் இருக்கிறது என்றாள். விஜயதசமிக்குப் பள்ளியில் சேர்க்கக் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நூற்று எண்பத்துமூன்றாவது அடியில் வேன்.

ஜமீலா கதவைத் திறந்துபோட்டு ஒயரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வாக்கரோடு வருகிறவளைப் பார்த்ததும் அவளுக்குச் சண்டை போடுவது மறந்துபோயிற்று. நாற்காலியை வேன் கதவுக்கு எதிரே போட்டேன். ஜானு உட்கார்ந்தாள். ஒயர் மாட்டினார்கள். முதலில் ஜானு காஜாவைத் திரையில் காட்டினாள். பழைய ஊசி மூக்கு இல்லை. இப்போது அதற்குக் கத்தரிக்கோல் மாதிரி விரிகிற அலகு, இரண்டு இறக்கை, நெஞ்சில் பொத்தான் வரிசை போல ஐந்து புள்ளி.

"இன்னாடா இது. என்னை விடப் பெரிய டெய்லராயிட்டான்," என்றாள் ஜமீலா. திரையைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். காஜா ஆரஞ்சுப் பெட்டிக்குப் போயிற்று, டெஸ்பாட்ச் பச்சைப் பெட்டிக்குத் திரும்பி வந்தது. இருவரும் பதிவு செய்தார்கள். ஒருவர் திரையை மற்றவர் சரிபார்த்தார், நானும் எனக்குப் புரியாவிட்டாலும் பார்த்தேன். ஒயரை நீயே வைத்துக்கொள், எனக்கு யாசிர் இன்னொன்று வாங்கித் தருவான், லீவில் வரும்போது பார்க்கலாம் என்று சொல்லி ஜமீலா கதவைச் சாத்தினாள். வேன் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு லஸ் பக்கம் திரும்பியது.

ஜானு எழுந்து வாக்கரைப் பிடித்தாள். திரும்பும்போதும் உட்காரவில்லை. நாற்காலியைத் தெரு முழுவதும் தூக்கிக்கொண்டு வந்ததில் எனக்குத்தான் தோள் வலித்தது. வீட்டுக்கு வந்து அவள் காலைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை. மன்னி மூன்று பேருக்கும் இட்லி வைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும், விஜயதசமியன்று புதிதாக ஏதாவது ஒன்றைக் கற்கத் தொடங்க வேண்டும் என்று சொல்லி, ஜானு என்னைக் கூடத்து ஜன்னலில் உட்காரவைத்தாள். பெட்டியை என் கையில் கொடுத்தாள். பூதம், காடு, சண்டை எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் சக்கரம் எது, மேலே இருக்கும் ஸ்விட்ச் எது என்று காட்டினாள். பிறகு என்னைப் பத்து முறை போடச் சொல்லி, பத்து முறை அணைக்கச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு, அணைந்தது என்று நான் வாய்விட்டுச் சொன்னேன்.